தாய்ப்பாலின் சரித்திரம் – 7: தராசுக்குத் தெரியாதது

சென்ற வாரம் நியூயார்க் நகரத்து மருத்துவமனை ஒன்றில் ஒரு தராசின் முன்னே வந்து நின்றோம். அங்கிருந்து கதையைத் தொடருமுன், வந்த வழியை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நலம்.

1880ஆம் ஆண்டை ஒட்டிப் பாரிஸில் ஸ்தெபான் தார்னியே என்ற பிரசவ வைத்தியர் குறைமாதச் சிசுக்களுக்காக வெப்பப் பெட்டி அமைத்தார். அவர் வழிவந்த பியேர் புதேன், வெப்பம் பாதிதான், மறுபாதி தாயின் பாலே என்று வற்புறுத்தி, தம் அநுபவங்களை 1900இல் நூலாக வெளியிட்டார். 1909இல் வியன்னாவில், பிற தாய்மார் அளிக்கும் பாலைச் சேர்த்துவைக்கும் நிலையம் தோன்றியது. குறைமாதச் சிசுவின் பிராணாதாரம் மனிதப்பாலே என்பதில் அக்காலத்து வைத்தியர்களில் பெரும்பாலோருக்கு ஐயம் இருக்கவில்லை.

ஐயம் 1947இல் பிறந்தது. நியூயார்க்கில் கார்டன், லெவின் முதலிய வைத்தியர்கள் குறைமாதச் சிசுக்களை இரு வகையாகப் பிரித்து உணவூட்டி நிறுத்துப் பார்த்தபோது, மனிதப்பால் உண்டவற்றைக் காட்டிலும், கொழுப்பில் ஒரு பகுதி நீக்கிய பசும்பாற் கலவையை உண்டவை விரைவாக எடை ஏறின. தராசின் முள் அவ்வாறு சொல்லிற்று. முள் சொன்னதை உலகம் கேட்டது. அதைத் தொடர்ந்த முப்பது ஆண்டுகளில் குறைமாதச் சிசுக்களின் வார்டுகளிலிருந்து மனிதப்பால் மெல்ல மெல்ல விலக, பவுடர் பால் அந்த இடத்தில் அமர்ந்தது.

தராசு பொய் சொல்லவில்லை. தன்னிடம் கேட்ட கேள்விக்கு அது நேர்மையாகவே விடை சொல்லிற்று. இப்பிள்ளை எத்தனை கிராம் ஏறியது என்று அதனிடம் கேட்டார்கள். இப்பிள்ளை நோயின்றித் தப்புமா என்ற கேள்வியை அதனிடம் கேட்க முடியாது. அந்த இரண்டாவது கேள்வியைச் சாஸ்திர முறைப்படி கேட்டு விடை கண்ட பெருமையில் ஒரு பெரும்பங்கு நம் தேசத்துக்கு உரியது. இவ்வாரம் அதற்காக டில்லிக்குச் செல்கிறோம்.

ஒரு கிலோ ஜீவன்

ஏழாம் மாதத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது என்பது நம் சங்கரன்கோவில் வட்டாரத்துப் பாட்டிமார் வழிவழியாகச் சொல்லிவரும் வார்த்தை. அன்போடு சொல்லும் வார்த்தைதான். ஆயினும் உண்மை அதற்கு நேர்மாறாக இருக்கிறது. கருவறையில் கழியும் ஒவ்வொரு வாரமும் சிசுவின் ஆயுளுக்கு ஒரு சுற்று வேலி கட்டுகிறது. நாற்பது வாரம் நிறைய வேண்டிய கர்ப்பம் முப்பத்திரண்டு வாரத்துக்கு முன்பே முடிந்துவிட்டால், அப்பிள்ளை மிகக் குறைமாதப் பிள்ளை எனப்படும். இருபத்தெட்டாம் வாரத்தில் பிறந்தது ஒரு கிலோ அளவிலேதான் இருக்கும். கடையில் வாங்கும் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தின் கனந்தான் அந்த ஜீவனின் மொத்தக் கனம்.

விசைத்தறியின் ஓசை ஓயாத நம் தெரு ஒன்றில் இப்படி ஒரு பிரசவம் நேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். பிள்ளையை 108 வண்டியில் ஏற்றி, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச்சென்று, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள பெரியாஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். பிரசவக் களைப்பில் கிடக்கும் தாய் இங்கேயே இருக்க நேரிடுகிறது. பிள்ளை அங்கே, பால் இங்கே. இந்த ஐம்பது கிலோமீட்டரை வாசகர்கள் மனத்தில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்; இத்தொடரின் பின்பகுதி முழுவதும் அந்தத் தூரத்தைப் பற்றியதுதான்.

அப்பிள்ளையால் பால் குடிக்க முடியாது. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றையும் முறை பிசகாமல் ஒன்றோடொன்று இணைத்துச் செய்யும் திறமை, பொதுவாக முப்பத்திரண்டு முதல் முப்பத்துநான்கு வாரங்களை ஒட்டியே கைகூடுகிறது. ஆகையால் வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ இரைப்பைவரை ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, முதலில் ஒன்று அல்லது இரண்டு மில்லிலிட்டர் என்ற கணக்கில் பாலை இறக்குகிறார்கள். ஒரு தேக்கரண்டியில் பாதியும் நிரம்பாத அந்தப் பாலில்தான் உயிரின் கணக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஏனெனில் அச்சிசுவுக்கு இரண்டு குறைகள் உண்டு. தாயின் இரத்தத்திலிருந்து நோயை எதிர்க்கும் புரதங்கள் கருவுக்குப் பெருமளவில் கடந்து செல்வது கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில். அந்த மாதங்கள் இப்பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. இரண்டாவது, குடலின் உட்சுவர் இன்னும் முதிரவில்லை. கிருமியும் வீக்கமும் சேர்ந்து தாக்கினால் குடலின் ஒரு பகுதி கருகி அழுகிப்போகும் கொடிய நோய், பிறந்த சில வாரங்களுக்குள்ளேயே வந்துவிடக்கூடும். எடை ஏறிக்கொண்டிருந்த பிள்ளையும் இந்நோய் வந்தால் இரண்டொரு நாளில் போய்விடும். அந்நாளின் காலைவரை தராசு நல்ல செய்தியையே சொல்லிக்கொண்டிருந்திருக்கும்.

டில்லி வார்டில்

1970களின் பிற்பகுதியில் நம் நாட்டுப் பெரிய மருத்துவமனைகளின் சிசு வார்டுகளை இன்றைய கண்கொண்டு கற்பனை செய்வது அரிது. பிரசவங்கள் மிகுதி, தாதிகள் சொற்பம், ஒரே தொட்டிலில் இரண்டு மூன்று சிசுக்கள் கிடப்பதும் உண்டு. மேல்நாட்டில் எடை போதவில்லையே என்று வைத்தியர்கள் கவலைப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், இங்கே கவலை வேறு. இரத்தத்தில் கிருமி பரவுதல், நுரையீரல் சளி, வயிற்றுப்போக்கு, மூளைச்சவ்வு வீக்கம் ஆகிய தொற்றுகளே எடை குறைந்த சிசுக்களை வாரிக்கொண்டு போயின.

இந்த வார்டுகளின் நடுவிலிருந்துதான் டாக்டர் இந்திரா நாராயணன் தம் கேள்வியை எழுப்பினார். கிருமியியலில் பிரகாஷ், இன்னும் குஜ்ரால் முதலிய சகாக்களும் அவருடன் நின்றார்கள். மனிதப்பாலுக்குத் தொற்றைத் தடுக்கும் சக்தி உண்டென்பது சோதனைக்கூடங்களில் ஏற்கெனவே தெரிந்த விஷயம்; ஸ்வீடனில் லார்ஸ் ஹான்சன் 1961இலேயே பாலில் உள்ள நோயெதிர்ப்புப் புரதத்தை அடையாளம் காட்டியிருந்தார். ஆனால் சோதனைக்குழாயில் தெரியும் சக்தி ஒரு கிலோச் சிசுவின் உடம்பில் வேலை செய்கிறதா? அதை வார்டிலேயே அளந்து பார்த்தவர்கள் மிகச் சிலர்.

1980இல் லான்செட் என்ற பிரசித்தமான வைத்தியப் பத்திரிகையில் அவர்களுடைய முதல் விடை வெளிவந்தது. எடை குறைந்த சிசுக்களில் ஒரு சாராருக்குப் பகலில் பீய்ச்சி எடுத்த மனிதப்பாலும் இரவில் பவுடர் பாலும், மற்றொரு சாராருக்குப் பவுடர் பால் மட்டுமே. இவ்வளவு எளிய ஏற்பாடு. முழுநாளும் மனிதப்பால் கொடுக்க வசதியுள்ள சொர்க்கத்தில் இச்சோதனை நடக்கவில்லை; பாதி கொடுக்க முடிந்த பூமியில் நடந்தது. அந்தப் பாதியே போதுமானதாயிருந்தது: பகற்பொழுது மட்டும் மனிதப்பால் பெற்ற சிசுக்களிடையே தொற்று கணிசமாகக் குறைந்தது.

இந்த முடிவின் அழகு அதன் எளிமையில் இருக்கிறது. எல்லாம் சரியாக அமைந்தால்தான் நன்மை உண்டு என்று சொல்லும் சாஸ்திரம் ஏழைகளுக்கு உதவாது. கொஞ்சம் கிடைத்தாலும் கொஞ்சம் காக்கும் என்று சொன்ன அந்த ஆராய்ச்சி, பால் போதவில்லையே என்று விம்மும் ஒவ்வொரு தாய்க்கும், நீ கொடுக்கும் பத்துத் துளியும் வீணாகவில்லை, அம்மா என்று ஆறுதல் சொன்னது.

அதன்பின் 1981இலும் 1982இலும் மேலும் ஆராய்ச்சிகள் வெளிவந்தன. மனிதப்பாலின் அளவை மாற்றி மாற்றிக் கொடுத்தும் பரீட்சித்தார்கள். ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கூர்மையான கேள்வி. ஆனால் இத்தொடருக்கு உயிர்நிலையானது 1984ஆம் ஆண்டின் ஆராய்ச்சியே. அங்கே சற்று நின்று பார்ப்போம்.

நான்கு தொகுதிகள்

மனிதப்பாலைச் சேர்த்துவைத்து மற்றொரு சிசுவுக்குக் கொடுப்பதென்றால், அதிலுள்ள கிருமிகளை முதலில் அழிக்க வேண்டும். அதற்கு அநுசரிக்கும் முறையில் பாலை 62.5 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் முப்பது நிமிஷம் அப்படியே நிறுத்திவைத்துப் பின்பு விரைவாகக் குளிர்விப்பார்கள். கொதிக்கவிடுவதில்லை, கொதித்தால் பாலின் குணமெல்லாம் போய்விடும். இந்த மிதமான சூட்டிலும் சில குணங்கள் போகத்தான் செய்கின்றன. அவ்வாறானால், நெருப்பில் இறங்கி எழுந்த பால் இன்னும் காக்கும் பாலா, வெறும் உணவு மட்டுமா? உலகத்திலுள்ள பால் வங்கிகளின் வாழ்வும் தாழ்வும் இக்கேள்வியின் விடையில் தொங்கின.

டில்லி வைத்தியர்கள் தொற்று அபாயம் மிகுந்த, எடை குறைந்த 226 சிசுக்களை எடுத்துக்கொண்டார்கள். எந்தச் சிசுவுக்கு எந்தப் பால் என்பதை வைத்தியரின் விருப்பத்துக்கு விடாமல், சீட்டுக் குலுக்கிப் போடுவது போன்ற முறையில் நிர்ணயித்தார்கள். சற்றுத் தேறிய பிள்ளைக்கு நல்ல பாலும் நலிந்த பிள்ளைக்கு மற்றதும் என்று மனம் அறியாமல் சாய்ந்துவிட்டால், முடிவில் வென்றது பாலா, பிள்ளையின் உடல் வலிமையா என்று சொல்ல முடியாமற் போய்விடும். கருணையுள்ள மனம்கூடத் தன்னை நம்பாமல் சீட்டை நம்புவதுதான் இம்முறையின் கடுமையும் நேர்மையும்.

முதல் தொகுதிக்குச் சூடாக்காத பச்சை மனிதப்பால். இரண்டாவதற்குச் சூடாக்கிய மனிதப்பால். மூன்றாவதற்குப் பச்சை மனிதப்பாலோடு பவுடர் பால். நான்காவதற்குச் சூடாக்கிய மனிதப்பாலோடு பவுடர் பால்.

இந்நான்கிலும் பவுடர் பால் ஒன்றையே உண்ட தொகுதி இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு முன் இருந்த அத்தொகுதி இப்போது மறைந்துவிட்டது. தாம் கண்ட உண்மை தம் கையையே கட்டிவிட, அறிந்த பின்பு ஒரு சிசுவையும் முழுக்க மனிதப்பாலிலிருந்து விலக்கிவைக்க அவர்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றே அதில் நான் காண்கிறேன். ஓர் ஆராய்ச்சியின் அறம், அது சொல்லும் முடிவில் மட்டுமின்றி, அடுத்த ஆராய்ச்சியில் அது கைவிடும் தொகுதியிலும் தெரிகிறது.

இனி முடிவு. பச்சை மனிதப்பால் மட்டும் உண்டவர்களில் தொற்று கண்டவர்கள் நூற்றுக்கு 10.5. சூடாக்கிய மனிதப்பால் மட்டும் உண்டவர்களில் 14.3. பச்சைப்பாலும் பவுடர் பாலும் கலந்து உண்டவர்களில் 16. சூடாக்கிய பாலும் பவுடர் பாலும் கலந்து உண்டவர்களில் 33.3.

இந்நான்கு எண்களையும் மெல்லப் படிக்க வேண்டும். முதல் தொகுதியில் ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவர். கடைசித் தொகுதியில் மூன்று பேரில் ஒருவர். இரண்டும் மனிதப்பால் உண்ட தொகுதிகளே என்பதுதான் வியப்பு.

நடுவிலுள்ள இரண்டு எண்களில் இன்னும் ஆழ்ந்த பாடம் இருக்கிறது. நெருப்பு மட்டும் பட்டபோது பால் பெரிதும் தளரவில்லை: 14.3. பவுடர் பால் மட்டும் உடன் சேர்ந்தபோதும் பச்சைப்பால் தாக்குப்பிடித்தது: 16. நெருப்பும் பட்டு, பவுடர் பாலும் சேர்ந்தபோதுதான் வேலி சரிந்தது. வலிமையான மாடு ஒற்றைச் சுமையைத் தாங்கும். முன்பே களைத்த மாட்டின் முதுகில் அதே சுமையை ஏற்றினால் முழந்தாளிடும். தானமாக வந்த பாலைச் சூடாக்குவது தவிர்க்க முடியாததென்றால், அதனோடு பவுடர் பாலைக் கலப்பதையாவது கூடியமட்டும் தவிர்க்க வேண்டும் என்பதே அவ்வெண்களிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் உபதேசம்.

நெருப்புக்குத் தப்பியது

சூட்டில் அழிவது எது, தப்புவது எது? தாயின் உடம்பிலிருந்து உயிரோடு பாலில் இறங்கிவரும் வெள்ளணுக்கள் முப்பது நிமிஷத்தில் மடிந்துவிடுகின்றன. கொழுப்பைப் பிளந்து செரிக்கத் துணைசெய்யும் பாலின் நொதி செயலிழக்கிறது. நோயெதிர்ப்புப் புரதத்திலும், கிருமிக்கு இரும்புச் சத்துக் கிடைக்கவிடாமல் தடுக்கும் மற்றொரு புரதத்திலும் ஒரு பகுதி போய்விடுகிறது.

தப்புவது, பாலில் உள்ள ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலிகள். இவற்றைக் குழந்தையால் செரிக்க முடியாது. செரிக்க முடியாததைத் தாய் ஏன் மெனக்கெட்டுச் சுரக்க வேண்டும் என்ற வினா விஞ்ஞானிகளை நெடுநாள் மயக்கியது. விடை இதுதான்: அவை குழந்தைக்கு உணவாவதில்லை, குழந்தையின் குடலில் குடியேற வேண்டிய நன்மை செய்யும் நுண்ணுயிர்களுக்கு உணவாகின்றன, தீய கிருமிகள் குடற்சுவரில் ஒட்டாதபடியும் தடுக்கின்றன. பிள்ளைக்கு மட்டுமின்றிப் பிள்ளையின் காவலர்களுக்கும் சேர்த்து ஒரே கிண்ணத்தில் சோறு வைத்திருக்கிறது இயற்கை.

டில்லியின் முடிவை அடுத்து உலகம் பெரிய அளவிலே கண்டது. 1990இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஆலன் லூக்காஸ், கோல் ஆகிய இருவரும் 926 குறைமாதச் சிசுக்களைப் பற்றிய ஆராய்ச்சியை அதே லான்செட்டில் வெளியிட்டார்கள். முன்னே சொன்ன குடல் அழுகும் நோய், மனிதப்பால் மட்டும் உண்ட சிசுக்களைவிடப் பவுடர் பால் மட்டும் உண்ட சிசுக்களுக்கு ஆறு முதல் பத்து மடங்கு அதிகமாக வந்தது என்று அது காட்டிற்று. அதற்குப்பின் மனிதப்பாலை வெறும் உணவுக் கணக்கில் வைத்துப் பேசுவது கடினமாயிற்று.

சங்கனும் பதுமனும்

நம் ஊர்த் தலபுராணம் அறியாத சங்கரன்கோவிற் பிள்ளை இல்லை. சங்கன், பதுமன் என்ற இரு நாகராஜர்கள், சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று வாதிட்டு, முடிவு காணாமல் அம்பிகையிடம் சென்றார்கள். அம்பிகை தவம் இருக்க, சுவாமி ஒரு பாதி சங்கரனாகவும் மறுபாதி நாராயணனாகவும் ஒரே திருமேனியில் காட்சி கொடுத்தார். ஆடித்தபசு அன்று லட்சக்கணக்கான ஜனங்கள் கூடி நின்று தரிசிப்பது அந்த ஒருமையைத்தான்.

குறைமாதச் சிசுவின் பாலைப் பற்றிய வாதமும் இவ்வாறே நடந்தது. பால் உணவே, ஆகவே எடையைப் பார் என்றது 1947இன் கட்சி. பால் மருந்தே, ஆகவே தொற்றைப் பார் என்றது 1980இன் கட்சி. இரண்டும் பொய்யில்லை. தாய்ப்பால் மட்டும் உண்ட ஒரு கிலோச் சிசு தொற்றுக்குத் தப்பினாலும் போதிய புரதமும் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் பெறாமல் எலும்பு மெலியக்கூடும் என்பதும் உண்மையே. நிறைமாதப் பிள்ளைக்கு நிறைந்திருக்கும் பால், கருவறையின் வேகத்தில் வளர வேண்டிய பிள்ளைக்குச் சில சத்துகளில் போதாது.

தராசின் குற்றச்சாட்டில் ஒரு பங்கு பாலைச் சேர்ந்ததே இல்லை என்பதும் பிறகு தெரிந்தது. அதே 1984இல், டாக்டர் இந்திரா நாராயணன் இங்கிலாந்தின் டேவிட் ஹார்வி முதலியோருடன் செய்த மற்றோர் ஆராய்ச்சி, பாலைக் குழாய் வழியாக மிக மெதுவாக ஓடவிட்டால் அதன் கொழுப்பு குழாயின் உட்புறத்தில் ஒட்டி நின்றுவிடுகிறது என்று காட்டிற்று. பிள்ளையின் வயிற்றுக்குப் போக வேண்டிய சத்து குழாயிலே தங்க, பழி பாலின்மேல் விழுந்திருக்கிறது. அதற்கும் முன்பே, 1978இல், டொராண்டோவில் ஸ்டெபனி அட்கின்சன் முதலியோர் குறைமாதத்தில் பிரசவித்த தாயின் பாலில், நிறைமாதத் தாயின் பாலைவிடப் புரதத்தின் மூலச்சத்து மிகுந்திருப்பதைக் கண்டிருந்தார்கள். பிள்ளை முன்னே வந்துவிட்டதை அறிந்துகொண்டாற்போல உடம்பே பாலை மாற்றி அமைக்கிறது.

முடிவில் சமரசம் பிறந்தது. மனிதப்பாலே அடிப்படை, அதில் குறைவதை மட்டும் சிறு அளவில் சேர்த்துச் செறிவூட்டுவது. சண்டிகரில் 166 சிசுக்களைக் கொண்டு நடத்தி 2007இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், செறிவூட்டிய மனிதப்பால் உண்டவற்றின் எடையும் நீளமும் தலைச் சுற்றளவும் நன்கு வளர்ந்தன. காக்கும் பாதியும் வளர்க்கும் பாதியும் ஒரே கிண்ணத்தில் சேர்ந்தன. சங்கனும் பதுமனும் வாதத்தை விட்ட இடம் இதுவே.

பாலாடை

கதையின் கால வரிசையைச் சற்று மீறி, ஒரு சிறு பொருளைப் பற்றிச் சொல்ல வாசகர்கள் அநுமதிக்க வேண்டும். நம் வீடுகளில் பேறுகாலத்துக்கு என்று எடுத்துவைக்கும் சங்கு அல்லது பாலாடை இருக்கிறதல்லவா? ஒருபுறம் குவிந்து மூக்குப்போல் நீண்ட அந்தச் சின்னஞ்சிறு கிண்ணம், வெள்ளியில் இருந்தால் தாய்மாமன் சீராகவும் வரும். நாகரிகம் வந்தபின் புட்டிக்கு இடம் கொடுத்துவிட்டுப் பரணில் ஏறியது அது.

குழாயிலிருந்து விடுபட்டு வாயால் உண்ணத் தொடங்கும் சிசுவுக்குப் புட்டி நல்லதா, கோப்பை நல்லதா, பாலாடை நல்லதா என்று டில்லியில் நூறு சிசுக்களை வைத்து ஆராய்ந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை குறைமாதத்தவை. 1999இல் வெளிவந்த அந்த ஆராய்ச்சியிலும் டாக்டர் இந்திரா நாராயணன் பெயர் இருக்கிறது. பாலாடையில் உண்ட சிசுக்களே குறைந்த நேரத்தில் மிகுந்த பாலை உட்கொண்டு, அமைதியாகவும் இருந்தன. இன்று ஆங்கில வைத்திய நூல்களிலும் அச்சொல் மொழிபெயர்க்கப்படாமல் பாலாடை என்றே நிற்கிறது. கழுவுவதற்கு எளிது, அழுக்குத் தங்கும் மூலை இல்லை. பாட்டி பரணில் வைத்ததைச் சாஸ்திரம் இறக்கிக் கொடுத்தது.

பாட்டியின் வழக்கமெல்லாம் சரி என்று இதனால் ஆகிவிடாது. பிறந்தவுடன் சேனை வைப்பதென்று தேனையும் சர்க்கரைத் தண்ணீரையும் நாவில் தடவுவதும், மஞ்சள் நிறத்துச் சீம்பாலைக் கெட்டுப்போன பால் என்று பீய்ச்சிக் கொட்டுவதும் நம் பக்கத்தில் இன்னும் அற்றுப்போகவில்லை. குறைமாதப் பிள்ளைக்கு முதற்காவல் அந்தச் சீம்பாலே. அதைக் கொட்டுவது, கோட்டை வாயிலில் வந்து நின்ற படையைத் திருப்பி அனுப்புவதற்கு ஒப்பாகும். பாலாடையை வைத்துக்கொண்டு சேனையை விட வேண்டும். வழக்கங்களைப் பகுத்துப் பார்க்கவே ஆராய்ச்சி இருக்கிறது.

ஒரு கதவு மூடுகிறது

மீண்டும் 1984க்கு வருவோம். சூடாக்கிய மனிதப்பாலும் காக்கிறது என்று டில்லி சொல்லிவிட்டது. இனி ஊர்தோறும் பால் வங்கி எழ வேண்டியதுதான் என்று யாரும் எண்ணியிருப்பார்கள். பாளையங்கோட்டையில் தனித்துக் கிடக்கும் பிள்ளைக்கு, சங்கரன்கோவிலிலிருந்து தாயின் பால் வந்து சேரும்வரை, முகமறியாத வேறொரு தாயின் பால் காவல் நிற்கலாம். ஐம்பது கிலோமீட்டர் என்று நான் குறித்துக்கொள்ளச் சொன்ன தூரத்துக்கு ஒரு பாலம் கிடைத்துவிட்டது போலத் தோன்றிய தருணம் அது.

அப்பொழுதுதான் இடி விழுந்தது. 1985இல், எய்ட்ஸ் நோயின் வைரஸ் தாய்ப்பால் வழியாகவும் குழந்தைக்குச் செல்லக்கூடும் என்ற செய்தி வைத்திய உலகத்தை உலுக்கியது. பிறர் பால் என்ற சொல்லே அச்சம் தருவதாயிற்று. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பல ஆண்டுகளாக நடந்துவந்த பால் வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. டில்லியின் நான்கு எண்களும் அச்சிட்ட தாளில் இருந்தன. அவற்றைச் செயலாக்க வேண்டிய கதவுகள் அடைபட்டன.

ஆயினும், நான்கே ஆண்டுகள் கழித்து, 1989 நவம்பர் 27 அன்று, பம்பாயில் தாராவிக்கு அருகே, ஏழைகள் வந்து குவியும் சயான் நகராட்சி மருத்துவமனையில், டாக்டர் அர்மிதா பெர்னாண்டஸ் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் திறந்தார்.

செல்வம் மிகுந்த தேசங்கள் அஞ்சி மூடிய கதவை, ஒரு நகராட்சி ஆஸ்பத்திரி எந்தத் துணிவில் திறந்தது? அந்த முப்பது நிமிஷத்து நெருப்பு வைரஸையும் வெல்லும் என்று அவர்கள் எவ்வாறு நம்பினார்கள்? அதைவிட முக்கியமாக, தன் பிள்ளைக்கே போதுமோ என்று ஏங்கும் ஏழைத் தாய் ஒருத்தி, முகமறியாத பிள்ளைக்குப் பால் கொடுக்க எப்படி முன்வந்தாள்?

அடுத்த வாரம் சயானுக்குச் செல்வோம். அதற்குள், இதைப் படிக்கும் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ குறைமாதப் பிள்ளை பிறந்து தூரத்து ஆஸ்பத்திரியில் இருக்குமானால், அந்தத் தாயிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: பிள்ளை அருகில் இல்லையே என்று பாலை வற்றவிட வேண்டாம், தாதியிடம் கேட்டு, கையைச் சுத்தமாகக் கழுவி, பீய்ச்சிக் கொடுத்தனுப்பட்டும். அவள் அனுப்புவது பத்துத் துளியே ஆனாலும், அந்தப் பத்துத் துளியும் காவல் நிற்கும்.

(தொடரும்)